மேம்பாலம் ஏறும்போது மட்டும் வண்டி ஆஃப் ஆகிறது: 48 வோல்ட் லித்தியம் பேக், உதவி தேவை

சத்துவாச்சாரி சைக்கிள்
எல்லோருக்கும் வணக்கம். வீடு சத்துவாச்சாரி, வேலை காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். சைக்கிளில் 48 வோல்ட் ஹப் மோட்டார் போட்டு ஓட்டுகிறேன், மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் கன்ட்ரோலர் அதிகபட்சம் 22 ஆம்ப். பேட்டரி 18650 அளவு உருளை செல்லில் 13எஸ் 4பி (நான்கு நான்கு செல்லாகச் சேர்ந்த 13 குரூப் வரிசையாக), செல் ஒவ்வொன்றும் 2600 எம்ஏஎச், ஒரு கடையில் சொல்லிச் செய்து வாங்கியது. பாலாற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. மேம்பாலத்தில் பாதி ஏறினதும் அப்படியே நின்றுவிடுகிறது, பின்னால் பஸ் வரும் இடம் அது. ஓரமாக நின்று சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி ஓடுகிறது. மல்டிமீட்டரில் 49.7 வோல்ட் காட்டுகிறது, பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கடைக்காரர் பேட்டரி சின்னது, பெரிசாகப் போடணும் என்கிறார். புதிதாகச் செய்வதென்றால் நானே செல் வாங்கி அடுக்கலாம் என்றிருக்கிறேன், தம்பியிடம் ஸ்பாட் வெல்டிங் மெஷின் இருக்கிறது. எந்த செல் எடுக்கலாம்?

ராணிப்பேட்டை வயர்மேன்
தம்பி, செல் வாங்குவது அப்புறம். நிற்கும்போது டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணைகிறதா, இல்லை மோட்டார் மட்டும் நிற்கிறதா? மோட்டார் மட்டும் என்றால் கன்ட்ரோலர் லோ வோல்டேஜ் பார்த்து நிறுத்துகிறது. டிஸ்ப்ளேயும் போய்விட்டால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் சர்க்யூட்) மொத்த இணைப்பையும் வெட்டுகிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சத்துவாச்சாரி சைக்கிள்
டிஸ்ப்ளேயும் அணைந்துவிடுகிறது அண்ணா.

ஸ்பீடு மணி
ப்ரோ சிம்பிள். பிஎம்எஸ்தான் வெட்டுது என்றால் பி மைனஸையும் (பேட்டரி மைனஸ்) வண்டிக்குப் போகும் மைனஸையும் நேராக இணைத்துவிடுங்கள். என் நண்பன் வண்டி அப்படித்தான் ஓடுகிறது.

ராணிப்பேட்டை வயர்மேன்
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பிஎம்எஸ் வெட்டுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு செல் தாங்கவில்லை என்று சொல்கிறது, அதன் வாயை அடைத்துவிட்டு அதே செல்லை இன்னும் கசக்கினால் அடுத்த சார்ஜில் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் நம் சின்ன அல்லாபுரத்தில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்வண்டி எரிந்து அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். வேலூர்க்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

சத்துவாச்சாரி தம்பி, பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய பேலன்ஸ் வயர் கனெக்டரில் பக்கத்துப் பக்கத்து வயர்களுக்கு இடையே மீட்டர் வைத்து 13 குரூப்பையும் தனித்தனியாக அளந்து போடு. மீட்டர் முனை இரண்டு பின்னைச் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது, அந்த இடத்திலேயே தீப்பொறி பறக்கும். முதலில் சும்மா இருக்கும்போது, அப்புறம் யாராவது கேரியரைப் பிடித்து இழுக்க, நீ மெதுவாக த்ராட்டில் கொடுக்கும்போது.

சத்துவாச்சாரி சைக்கிள்
அளந்துவிட்டேன். சும்மா இருக்கும்போது 12 குரூப் 3.84, ஏழாவது மட்டும் 3.66. லோடில் மற்றதெல்லாம் 3.6 பக்கம் நிற்கிறது, ஏழாவது சரசரவென்று 2.8க்கு இறங்கி உடனே எல்லாம் அணைந்தது.

குடியாத்தம் பேட்டரி
இதுதான் விஷயம். மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அந்த நேரத்தில்கூட பேக் 46 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது, 42 பக்கத்தில் வெட்டும் கன்ட்ரோலருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு குரூப் கீழே விழுந்ததைப் பிஎம்எஸ் பார்த்துவிட்டது.

பெட்டியைத் திறந்து ஏழாவது குரூப்பின் செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை மரக்குச்சியால் லேசாகத் தூக்கிப் பார், உலோகம் எதையும் உள்ளே விடாதே. நான்கில் ஒரு செல்லின் வெல்டு விட்டிருக்கும் என்று தோன்றுகிறது. நம் ஊர் ரோட்டு அதிர்ச்சிக்கு, ஒழுங்காகப் பிடிக்காத வெல்டு கழன்றுவிடும். அப்படியானால் 22 ஆம்பை மூன்று செல் தூக்குகிறது, செல்லுக்கு 7.3 ஆம்ப். இந்த வகை 2600 செல் பலவற்றுக்கு 5 ஆம்ப் பக்கம்தான் தொடர்ச்சியான அளவு, நான்கும் இருந்தாலே விளிம்பில்தான் ஓடுகிறது. அதனால் கடைக்காரர் சொன்னதில் பாதி சரி.

வெல்டு எல்லாம் நன்றாக இருந்தால், முழு சார்ஜ் செய்து சார்ஜரைக் கழற்றி ஓரிரு நாள் சும்மா வை. ஏழாவது மட்டும் தானாக இறங்கினால் அதில் ஒரு செல் உள்ளுக்குள் கசிகிறது. அந்தக் குரூப்பைத் திரும்பச் சேர்க்காதே, தூக்கி ஒதுக்கு.

சத்துவாச்சாரி சைக்கிள்
அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு செல்லின் மைனஸ் பக்கம் பட்டை தனியாக வந்துவிட்டது. வெல்டு புள்ளி இரண்டுதான் இருக்கிறது, மற்ற செல்களில் நான்கு. உடனே தம்பியிடம் கொடுத்து வெல்டு வைத்துவிடலாமா?

குடியாத்தம் பேட்டரி
நில். அந்த செல் இணைப்பு விட்ட நாளில் என்ன வோல்டேஜோ அதிலேயே நிற்கும். மற்ற மூன்றும் 3.66, இது 4.1 என்று இருந்தால் சேர்த்த நொடியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கரன்ட் பாயும். தனி செல் சார்ஜர் வைத்து மூன்றையும் மெதுவாக அதன் அளவுக்குக் கொண்டுவா, வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் வந்தபின் வெல்டு வை. சால்டரிங் அயர்ன் செல் மேல் படவே கூடாது.

ராணிப்பேட்டை வயர்மேன்
பட்டையையும் பரிசோதித்துவிடு. நிக்கல் என்று சொல்லி நிக்கல் பூசிய இரும்பை விற்கிறார்கள். ஒரு துண்டை அரத்தால் தேய்த்து உப்புத் தண்ணீரில் போட்டு வை, துருப் பிடித்தால் இரும்பு. அது சூடாகும், வோல்டேஜையும் தின்னும்.

சத்துவாச்சாரி சைக்கிள்
சரி அண்ணா, இப்போதைக்கு இதைச் சரி செய்கிறேன். ஆனால் விளிம்பில் ஓடுகிறது என்றீர்களே, வெயில் காலத்துக்குள் புதிதாக ஒன்று செய்யலாம் என்று பார்க்கிறேன். அதே 18650தானா, எல்எஃப்பியா (லித்தியம் இரும்பு பாஸ்பேட்)?

குடியாத்தம் பேட்டரி
நம் ஊருக்கு நான் எல்எஃப்பிதான் சொல்வேன். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும், தகரக் கொட்டகையில் நிறுத்தினால் பெட்டிக்குள் இன்னும் மேலே போகும். எல்எஃப்பி கட்டுமீறிச் சூடாக, என்எம்சியைவிட (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த, உன் 18650 மாதிரியான வகை) அதிக வெப்பம் வேண்டும், ஆயுளும் கூடுதல். எடை கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

32700 செல், 3.2 வோல்ட், 6000 எம்ஏஎச் எடு. பலரும் 16எஸ் போடுவார்கள், முழு சார்ஜ் 58.4 வோல்ட், அதற்குச் சார்ஜர் மாற்ற வேண்டும். நீ 15எஸ் போடு. உன்னிடம் இருக்கும் 54.6 வோல்ட் சார்ஜர் செல்லுக்கு 3.64 வரை ஏற்றும், உச்ச அளவே 3.65தான். கன்ட்ரோலரின் 42 வோல்ட் வெட்டும் செல்லுக்கு 2.8 ஆக வரும், அதுவும் பொருந்துகிறது. 15எஸ் 2பி என்றால் 30 செல், 12 ஆம்ப் ஹவர், செல்லுக்கு 11 ஆம்ப். டேட்டாஷீட்டில் இரண்டு சி, மூன்று சி (ஆம்ப் ஹவர் அளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆம்ப்) தாங்கும் என்று போட்டிருக்கிறதா பார்த்துவிட்டு வாங்கு. பிஎம்எஸ் 15எஸ் எல்எஃப்பி என்றே கேட்டு வாங்கணும், என்எம்சிக்கு உள்ளது இதற்குச் சேராது. கன்ட்ரோலர் 22 ஆம்ப் என்பதால் 30 ஆம்ப் பிஎம்எஸ் போதும்.

அடுக்கும் முன் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் உள்மின்தடையும் அளந்து ஒத்தவற்றைச் சேர். பிளஸ் முனையில் பார்லி பேப்பர் (மின்சாரம் கடத்தாத தாள்) வளையம் ஒட்டாமல் பட்டை வைக்காதே. பேலன்ஸ் கனெக்டரை பிஎம்எஸ்ஸில் செருகும் முன் பி மைனஸிலிருந்து ஒவ்வொரு பின்னாக மீட்டர் வை, 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏறி வரணும். ஒரு வயர் மாறியிருந்தாலும் பிஎம்எஸ் புகைந்துவிடும்.

ராணிப்பேட்டை வயர்மேன்
சார்ஜ் விஷயம் ஒன்று. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, லித்தியம் செல்லுக்குப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. கை வைத்துப் பார், சூடு ஆறட்டும். வாசல் கதவுப் பக்கம், தூங்கும் அறைக்குள் போடவே போடாதே, விழித்திருக்கும் நேரத்தில் போட்டு எடுத்துவிடு.

சத்துவாச்சாரி சைக்கிள்
இப்போது மாடிப்படிக்குக் கீழேதான் போடுகிறேன் அண்ணா, இன்றே பிளக்கை வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்கிறேன். கழன்ற செல் 4.08 காட்டுகிறது, மற்ற மூன்றையும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.