பால் மரம் விடியலில் மட்டும் நன்றாகப் பால் தருவது ஏன்?

கவி, சுங்கை சிப்புட்:
படிவம் 4 உயிரியலில் செல் சவ்வுப் பாடம் ஓடுகிறது. உருளைக்கிழங்குத் துண்டு உப்புத் தண்ணீரில் சுருங்குவதெல்லாம் புரிகிறது. பாட்டி தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். வெயில் ஏறினால் பால் இறங்காது, அதனால்தான் இருட்டோடு பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடுவோம் என்கிறார். நீர் சவ்வைக் கடக்கும் இந்தச் சவ்வூடு பரவலுக்கும் பாட்டி சொல்வதற்கும் தொடர்பு உண்டா? சீவிய மரத்தில் கொஞ்ச நேரத்தில் பால் தானாக நிற்பது ஏன்?

உயிரியல் டீச்சர்:
உண்டு கவி. உருளைக்கிழங்கை விட்டுவிட்டு இந்த மரத்தை வைத்தே பாடம் நடத்தலாம். என்ன செய்வது, இப்போது சுற்றிலும் ரப்பருக்குப் பதில் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை).

பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் உயிருள்ள செல்கள். பால் என்பது அவற்றின் சைட்டோபிளாசம்தான், அதாவது செல்லுக்குள் இருக்கும் கூழ். அதில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் சுற்றுச் செல்களின் நீர் சவ்வைக் கடந்து உள்ளே வரும். இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. விடியலில் குழாய் விறைத்து நிற்கும். பகலில் இலைகள் நீரை இழுக்க, அழுத்தம் இறங்கிவிடும்.

சவ்வின் நடுப்பகுதி கொழுப்பு. நீர் அதில் மெதுவாகத்தான் நுழையும். வேகமாகப் போக அக்குவாபோரின் என்ற புரதக் கால்வாய்கள் உள்ளன. இதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சர்க்கரை அப்படி வராது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைச் செலவழித்து, புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) வெளியே தள்ளி, அது திரும்பி நுழையும்போது கூடவே சர்க்கரையையும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

பால் நிற்பதுதான் சுவாரசியம். உளி பட்டதும் குழாயில் அழுத்தம் சரியும், சுற்றிலிருந்து நீர் புகும், பால் நீர்க்கும். பாலுக்குள் லூட்டாய்டு எனும் நுண்பைகள், ஒற்றைச் சவ்வோடு மிதக்கின்றன. நீர்த்த பாலில் அவையும் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும். உள்ளிருந்த புரதங்கள் வெளியே கொட்டியதும் ரப்பர் துகள்கள் திரண்டு வெட்டுவாயை அடைத்துவிடும்.

பழைய தோட்டக்காரன்:
டீச்சர், பால் பெருக மருந்து பூசிய மரத்தில் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) நிரம்பி வழியும், ஆனால் பால் தண்ணியாக இருக்குமே?

உயிரியல் டீச்சர்:
ஆமாம் அண்ணே. அந்த மருந்து எத்திஃபான். பட்டைக்குள் எத்திலீனாக மாறி, அக்குவாபோரின் உற்பத்தியைக் கூட்டுகிறது. நீர் அதிகம் நுழைவதால் பால் நீர்த்து நெடுநேரம் ஓடும். லூட்டாய்டுகளும் எளிதில் வெடிக்காதபடி மருந்து செய்வதால் அடைப்பு தாமதமாகும்.

பழைய தோட்டக்காரன்:
அதான் அளவு மீறிப் பூசிய மரமெல்லாம் கடைசியில் பட்டை காய்ந்து, சீவினால் ஒரு சொட்டுகூட வராமல் நின்றது.