முன்னால் சோலார் மேடை, பின்னால் ஜென்செட்: காலேஜ் பசுமை இசைவிழாவில் நீங்கள் பார்த்தது என்ன?

கோவைக்காரன்:
எங்கள் காலேஜ் பசுமை இசைவிழாவில் நான் மேடை வாலண்டியர். வாசலில் சோலார் பேனல் வைத்த வளைவு, மேடையில் ‘முழுக்க முழுக்கச் சூரிய சக்தி’ என்று பெரிய ஃபிளெக்ஸ். ராத்திரி எட்டு மணி. கீபோர்டுக்கு இன்னொரு பிளக் பாயின்ட் தேடி, கேபிளைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனால், ஃபிளெக்ஸுக்கு நேர் பின்னால் 62.5 கே.வி.ஏ. டீசல் ஜென்செட் (ஜெனரேட்டர்தான்) ஓடிக்கொண்டிருக்கிறது. புகை அடித்து அடித்து ஃபிளெக்ஸில் இருந்த சூரியன் பாதி கறுத்துவிட்டது. “அண்ணே, சோலார் எங்கே?” என்றேன். சவுண்ட் செட் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சூரியன் ஆறு மணிக்கே டூட்டி முடிச்சுட்டுப் போயிட்டாரு தம்பி.” அந்தப் பேனலில் ஓடியது செல்போன் சார்ஜ் போடும் மேஜை மட்டும்தான்.

மிதிவண்டி மணி:
நான் பார்த்தது நிஜமாகவே டீசல் இல்லாத மேடை. லாஸ் ஏஞ்சலிஸில் யு.சி.எல்.ஏ. மாணவர்கள் எக்கோசெல்லா என்று சைக்கிள் மிதித்தே கரன்ட் எடுத்துக் கச்சேரி நடத்துவார்களே, அதே பாணியில் நான் எம்.எஸ். படித்த ஊரிலும் ஒன்று நடந்தது. சராசரி ஆள் விடாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரும். பத்துப் பேர் மூச்சு வாங்க மிதித்தாலும் வீட்டு கீஸர் ஒன்றுக்குப் பற்றாது. டிரம்ஸ் ஏறும்போதெல்லாம் மீட்டர் விளக்கு சிவப்புக்கு இறங்கும், கூட்டம் கத்தும். பக்கத்து சைக்கிளில் ஒரு பேராசிரியை, அறுபது வயதிருக்கும். செருப்பை உதறிவிட்டு எழுந்து நின்று மிதித்தார் பாருங்கள், விளக்கு பச்சைக்கு ஏறிவிட்டது. என்ன பாட்டு ஓடியது என்று கேட்காதீர்கள், தெரியாது.

இன்வெர்ட்டர் ராஜா:
என் கதை சின்னது. ஒரு காலேஜுக்கு பேட்டரி செட் போட்டுக் கொடுத்தேன், நடுப்பாட்டில் டிரிப் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால் மேடை லைனிலேயே டீ ஸ்டால்காரர் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகியிருக்கிறார்.

சரி, இனி நடத்துகிறவர்களுக்கு. முதலில் கணக்குப் போடுங்கள். சவுண்டுக்கு 5 கிலோவாட், எல்.இ.டி. விளக்குக்கு 2 என்று வைத்தால், மூன்று மணி நேரத்துக்கு 21 யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட்டாவது தரும். அப்படியென்றால் 6 கிலோவாட் பேனல் போதும், ஆனால் பகலில் வருவதைத் தேக்க பேட்டரி வேண்டும். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் வாங்குங்கள், பழைய லெட் ஆசிட் வேண்டாம், அதில் பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் ஆயுள் போய்விடும். சப்வூஃபர் (அடித்தொனி ஸ்பீக்கர்) குத்தும்போது கரன்ட் எகிறும், சராசரியைப் பார்த்து இன்வெர்ட்டர் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். டீ ஸ்டாலுக்குத் தனி லைன். அப்புறம், ஜென்செட் ஒன்று சும்மா நிற்கட்டும், அதில் வெட்கமில்லை. ஃபிளெக்ஸில் பொய் எழுதாமல் இருந்தால் சரி.

தேன்மொழி:
ராஜா அண்ணா, யாரும் கொட்டேஷன் கேட்கவில்லையே! எல்லாரும் மேடையையே பார்க்கிறீர்கள். எங்கள் விழாவில் பிளாஸ்டிக் கிடையாது (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை, அதற்கும் கைதட்டல் வாங்கினார்கள்). கரும்புச்சக்கைத் தட்டு, மூன்று கலரில் குப்பைத் தொட்டி. காலையில் தூய்மைப் பணியாளர் அக்கா மூன்றையும் ஒரே மூட்டையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பிரியாணி எலும்பு, தட்டு, வாழ்த்து அட்டை எல்லாம் ஒன்றாக. “அக்கா, தனித்தனியா போடணும்ல?” என்றேன். “நீங்க மூணு கலர் வச்சீங்க பாப்பா. லாரி ஒண்ணுதான வருது?”

மிதிவண்டி மணி:
தேன்மொழி, அது காலேஜ் தப்பில்லை, லாரி அனுப்புகிறவர்கள் தப்பு.

தேன்மொழி:
விழாவுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? டிரோன் ஷூட்டுக்கு நாலு பேர் போன் போட்டார்கள்.

கோவைக்காரன்:
பேசாமல் பறையாட்டம் வைத்துவிட்டால் கரன்டே வேண்டாம்.

இன்வெர்ட்டர் ராஜா:
நான் போன காலேஜில் அதையும் வைத்தார்கள் தம்பி. நாலு பறைக்கு ஆறு மைக்.