மறு: உள்ளடுக்குத் தரவுக்குள் இறங்கிவருவதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தரவு முழுவதையும் திறந்து பார்த்துத் திரும்புவதை நிரலாளர்கள் ஆங்கிலத்தில் 'வாக்' (walk) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே வந்த 'வலம்' என்ற பரிந்துரையை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிப் பார்த்தேன். எந்தக் கணுவும் (தரவின் ஒவ்வொரு உறுப்பும்) விடுபடாது என்ற பொருள் அதில் அழகாக வருகிறது. ஆனால் வலம் வருகிறவர் பிராகாரத்தைச் சுற்றுகிறார், கருவறைக்குள் நுழைவதில்லை. தரவை எழுத்தாகச் சேமிக்கும் ஒரு ஜேசான் (JSON) கோப்பில் பட்டியலுக்குள் அகராதி, அதற்குள் இன்னொரு பட்டியல் என்று இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருப்பதையும் அதே முறையில் திறந்து, கடைசி எண் வரை போய்த் திரும்ப வேண்டும். இன்னொரு பரிந்துரையான 'ஊடுநடை'யும் எனக்கு ஒட்டவில்லை. ஊடே போகிறவர் மறுபக்கமாக வெளியேறிவிடுவார். இங்கே போன வழியே அல்லவா திரும்புகிறோம்?

என் பரிந்துரை: துருவல். 'துருவித் துருவிக் கேட்டார்' என்கிறோம். கிடைத்த பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வி கிளம்புகிறது. அந்த இரட்டிப்பிலேயே ரிகர்ஷன், அதாவது ஒரு செயல் தன்னையே மறுபடி அழைப்பது, இருக்கிறது, தனியாக 'தற்சுழற்சி' என்று முன்னால் ஒட்ட வேண்டியதில்லை. துருவு, துருவி, துருவல் என வினை, கருவி, செயல் மூன்றும் ஒரே வேரில் கிடைக்கின்றன.

அப்புறம் உட்பிரிவுகள். குளோஜர் (Clojure) என்ற நிரல்மொழியின் வாக் லைப்ரரியில் பிரீவாக், போஸ்ட்வாக் என்று இரண்டு உண்டு. 'முன்நடை, பின்நடை' என்று எழுதினால் யாரோ பின்பக்கமாக நடப்பது போல ஆகிவிடும். பெட்டியைத் திறக்குமுன் கைவைக்கிறோமா (பிரீவாக்), உள்ளே இருப்பதையெல்லாம் முடித்த பிறகா (போஸ்ட்வாக்) என்பதுதான் வித்தியாசம். இது சின்ன விஷயமில்லை. எண்களையெல்லாம் தனித்தனி வெக்டரில் (சதுர அடைப்புக்குறிப் பட்டியலில்) போடும்படி பிரீவாக்கிடம் சொல்லிப் பாருங்கள். 1 என்பது [1] ஆகும். உடனே அதற்குள் இறங்கி அங்கிருக்கும் 1-ஐ மறுபடி [1] ஆக்கும். ஸ்டாக், அதாவது முடியாத அழைப்புகளை நினைவில் வைக்கும் இடம், நிரம்பி வழியும் வரை ஓயாது. ஒரு மாலைப்பொழுதை இதில் தொலைத்தவன் நான். போஸ்ட்வாக்கில் இந்தத் தொல்லை இல்லை. பைத்தான் என்ற நிரல்மொழியில் கோப்புகளுக்கான ஓஎஸ்.வாக்கிலும் (os.walk) இதே இரண்டு வழி. தானாக விட்டால் மேலிருந்து இறங்கும். ஆனால் காலியான அடைவைத்தான் (ஃபோல்டரைத்தான்) நீக்க முடியும் என்பதால், அழிக்கும் வேலைக்கு அடியிலிருந்து ஏறச் சொல்ல வேண்டும். ஆகவே 'மேல்முதல்', 'அடிமுதல்' என்ற அடைமொழிகள் போதும்.

*

> என் பரிந்துரை: துருவல்.

ஐயா, எங்கள் வீட்டில் துருவல் என்றால் தேங்காய்தான். கேலிக்குச் சொல்லவில்லை. துருவத் துருவ மூடி காலியாகிவிடும். தரவு அப்படியே இருக்க வேண்டாமா? இன்னொன்று, பொரியல், அவியல், வறுவல் போல '-அல்' விகுதிச் சொற்கள் செயலை விட்டுவிட்டு விளைபொருளின் பெயராகிவிடுகின்றன. வருகை, செய்கை போலத் 'துருவுகை' என்றால் செயல் செயலாகவே நிற்கும்.

*

> துருவுகை என்றால்

சரி, துருவுகை. ஒப்புக்கொள்கிறேன். கருவிக்குத் 'துருவி' இருக்கட்டும், அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன். மூடி காலியாகும் கவலையும் வேண்டாம், போஸ்ட்வாக் பழைய தரவைத் தொடாமல் புதிதாக ஒன்றைக் கட்டித் தருகிறது. பிஎச்பி என்ற நிரல்மொழியின் அரே_வாக்_ரிகர்சிவ் (array_walk_recursive) மட்டும் நீங்கள் சொன்ன தேங்காய்த் துருவியேதான்: உள்ளே இருக்கும் மதிப்புகளை மட்டும் நம் செயற்கூற்றிடம் (function) கொடுக்கும், அவற்றைச் சுற்றியிருக்கும் அரேக்களை, அதாவது பட்டியல்களை, கொடுக்காது. பருப்பு மட்டும் கைக்கு வரும், ஓடு வராது.