ஸ்பேனியல் நாய்க்குட்டியோட முதல் வேட்டை (ஷூட்டிங்) சீசன்: மண்டையில இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற ஒரு காட்சியைச் சொல்லுங்க

வரப்போரம்:

இங்கிலாந்துல நார்ஃபோக், நவம்பர் கடைசி, பீட் கிழங்கு வயல். துப்பாக்கியோட மூணு பேர், நடுவுல 14 மாச ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் பெட்டை. முதல் ஃபெசன்ட் பறவையைக் கிளப்பினதுமே பொத்துனு உட்கார்ந்துச்சு. வெடிச்சதுக்கும் அசையல. பேர் சொல்லி அனுப்பின பிறகுதான் போய் எடுத்துட்டு வந்துச்சு. நாய் கிளப்பக் கிளப்ப நடந்துகிட்டே சுடுற ரஃப் ஷூட்டிங்குல ஒரு குட்டிகிட்ட இதுக்கு மேல கேட்க முடியாது.

அடுத்த சால்ல மூக்குக்கு அடியில இருந்தே ஒரு முயல். உட்காரச் சொல்ற விசில் வந்தப்ப நாய்க்கும் முயலுக்கும் நடுவுல ஒரு முழம்தான். இடது ஓரத்துல நின்னவர், முயல் வேலிப் பக்கம் திரும்பினதும் சுட்டார். உருண்டுச்சு. நாய் ஒரே பாய்ச்சல்ல கவ்வி, தலையைத் தூக்கிக்கிட்டு நேரா வந்து கையில வெச்சுச்சு. குறை சொல்ல முடியாத டெலிவரி. தலையில ரெண்டு தட்டு, "குட் கேர்ள்".

அந்த ரெண்டு தட்டுதான் உறுத்துது. நாயோட கணக்குல என்ன நடந்துச்சு? துரத்தினா வெடிக்கும், கவ்வலாம், தட்டிக் கொடுப்பாங்க. அன்னைக்கே மூணாவது முயலுக்கு விசில் காதுலயே ஏறல.

அங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்: துப்பாக்கியை இறக்கி, முயலைப் போகவிடணும். பிறகு வாயைத் திறக்காம நடந்துபோய், நாயைக் கழுத்துத் தோலைப் பிடிச்சு, எந்த இடத்துல முயல் கிளம்புச்சோ அதே இடத்துக்குக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கணும். அங்கதான் விசில் ஊதணும். திரும்பி வந்த நாயை அடிச்சா, திரும்பி வந்ததுக்கு அடின்னு எடுத்துக்கும். இன்னொண்ணு, 12 போர் துப்பாக்கி, திறந்த சோக் (நுனி குறுகாத குழல்), 25 கெஜம்னா குண்டு முக்கால் மீட்டருக்கு மேல விரியும். துரத்துற நாய்க்கு முன்னாடி ஓடுற முயல் மேல யாரும் சுடக்கூடாதுன்னு வயல்ல இறங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். சொல்லல.

பனங்கூடல்:

ஷ்ரொப்ஷயர். ஏழு மாதக் கொக்கர் ஸ்பேனியல். வெடிச்சத்தம் பழகட்டும் எண்டு, வளர்த்தவர் நேரா மண் தட்டு எறிஞ்சு சுடுற (கிளே) இடத்துக்குக் கொண்டுபோனார். பத்துப் பதினைஞ்சு துவக்கு, விடாமல் வெடி. கொஞ்ச நேரத்தில நாயைக் காணேல்லை. லேண்ட் ரோவருக்குக் கீழ, பின் சில்லோட ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாயால வீணி ஒழுகுது. சாசேஜ் துண்டை மூக்குக்குக் கிட்ட வைச்சாலும் மணந்துகூடப் பாக்கேல்லை. சாப்பாட்டுக்காக உயிரை விடுற நாய் அது. வெடிக்குப் பயந்த நாய்கள் கனக்கப் பாத்தாச்சு. ஆனா அந்தச் சாசேஜ் துண்டு புல்லில அப்பிடியே கிடந்தது மட்டும் மறக்குதில்லை.

இரண்டு ஆள் வேணும். நாயோட நிக்கிறவர் ஒருத்தர், 100 கெஜத்துக்கு அங்கால துவக்கோட ஒருத்தர். குழல் மற்றப் பக்கம் பாக்க வேணும். நாய் புல்லுக்குள்ள மணந்து தேடிக்கொண்டு இருக்கேக்க ஒரு வெடி, அவ்வளவுதான். சும்மா இருத்தி வைச்சு வெடி போட்டால் அதுக்குச் சத்தத்தைத் தவிர வேற யோசனை வராது. தலையைத் தூக்கிப் பாத்திட்டுத் திரும்பவும் தேடினால் சரி. வால் கீழ போனால், காது பின்னுக்குப் போனால், அண்டைக்கு நிப்பாட்டுங்கோ. அடுத்த முறை இன்னும் தூரத்தில இருந்து. எல்லாம் சரி எண்டால் ஒவ்வொரு நாளும் பத்துக் கெஜம் கிட்ட வரலாம். ஒரு நாளைக்கு இரண்டு வெடி போதும். தொடக்கத்துக்குச் சின்னக் குழல் .410 நல்லம், பிறகு 20 போர், கடைசியில 12 போர். ஓட்டப்போட்டி தொடங்க வெடிக்கிற .22 ஸ்டார்டிங் பிஸ்டல் சின்னன்தானே எண்டு நினைக்கிறவை கன பேர். அதின்ர சத்தம் கூர்மையானது, கிட்ட நிண்டு போட்டால் .410ஐ விடக் காதில குத்தும்.

மேய்ச்சல்நிலம்:

வரப்போரம் அண்ணே, சுட்டவர் மேல பழியைப் போடாதீங்க. 14 மாச நாயை முயல் இருக்கிற வயல்ல, மூணு துப்பாக்கிக்கு நடுவுல இறக்கினதுதான் தப்பு. முதல் சீசன்ல ஒரு துப்பாக்கி போதும். நாயை நடத்துறவர் கையில அதுவும் வேண்டாம். கண்ணு நாய் மேல, கை துப்பாக்கி மேலன்னு இருந்தா விசில் அரை நொடி தள்ளித்தான் வரும். அந்த அரை நொடியில முயல் அஞ்சாறு கெஜம் போயிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1953ல கென்ட் பக்கம் மிக்ஸோமடோசிஸ்ங்கிற முயல் நோய் வந்ததுல இருந்து இந்த நாட்டு முயல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்ல, பிறகு ரத்தக்கசிவு நோயும் சேர்ந்துச்சு. குட்டி நாய் தினமும் முயலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போக வழியே கிடையாது. அதனால முயல் அடைப்புள்ள பயிற்சியாளர்கிட்ட நாலு தடவை போகணும், இல்லன்னா ரப்பர் கயிறு கட்டின முயல்தோல் டம்மி (பொய் இரை) வாங்கணும். கயிறை இழுத்து முளையில மாட்டி, நாய் தேடிக்கிட்டு வர்றப்ப விடுங்க. நிஜ முயல் மாதிரியே குறுக்க பாயும். விசிலும் டம்மியும் ஒரே நேரத்துல. நாய் உட்கார்ந்தா, டம்மியை எடுக்கப் போறது நாய் இல்ல, நீங்க. பத்து டம்மி விழுந்தா ஏழு டம்மியை நீங்களே நடந்துபோய் எடுங்க. விழுறதெல்லாம் தனக்குத்தான்னு நாய் நினைக்க ஆரம்பிச்சா, அங்கதான் பாய்ச்சல் தொடங்கும்.

என் பங்குக்குக் காட்சி: யார்க்ஷயர், பிராக்கன் (பெரணிப் புதர்) சரிவு, பின்னாடி இருந்து பலமான காத்து. ஒரு வயசு ஸ்பிரிங்கர் அறுபது கெஜத்துக்கு அந்தப்பக்கம் போய் மூணு பறவையைக் கிளப்பிடுச்சு. நடத்தினவர் விசிலை ஊதி ஊதியே சிவந்துபோனார். அவ்வளவுதான்.

ஆனா அது அடங்காத நாய் இல்ல. காத்தை யாரும் அதுக்குச் சொல்லித் தரல, அவருக்கும் தெரியல. எதிர்காத்துன்னா வேலை சுலபம்: நாய் உங்க முன்னாடி இடமும் வலமுமா 20, 25 கெஜத்துக்குள்ள துடைச்ச மாதிரி தேடும், வாசனை தானா மூக்குக்கு வரும். பின்காத்துன்னா வாசனை எதிர்ப்பக்கம் போயிடுது. நல்ல நாய் நேரா 25 கெஜம் முன்னாடி ஓடி, அங்க இருந்து திரும்பி உங்களை நோக்கித் தேடிக்கிட்டு வரணும். திரும்புற அந்த இடத்துல ரெண்டு சின்ன ஊதல் ஊதிப் பழக்கணும். பக்கக்காத்துன்னா கோணலாத்தான் தேடும், அதை நேராக்க நினைக்காதீங்க. அதனால முதல் மூணு மாசம் எந்த வயலுக்குப் போனாலும் ரெண்டு புல்லைப் பிய்ச்சுத் தூக்கிப் போட்டுப் பாருங்க. காத்து உங்க முகத்துல அடிக்கிற மாதிரி இருக்கிற பக்கத்துல இருந்து மட்டும் உள்ள நுழைங்க. கார் நிறுத்தின இடம் அந்தப்பக்கமா இருந்தா சுத்திக்கிட்டுப் போங்க. விசிலுக்குச் சுருதியைக் காட்ட ஒரு எண் இருக்கும். 210½ன்னா எல்லா நாய்க்கும் 210½. லேப்ரடாருக்கு 211½ன்னு கடையில சொல்றது வழக்கம், தடை ஒண்ணும் இல்ல, ஆனா நடு சீசன்ல மாத்தாதீங்க. தொலைஞ்சா அதே எண் வாங்கினா போதும், சுருதி மாறாது. அந்த எண்ணுக்கு அதுதான் பிரயோஜனம்.

வரப்போரம்:

காத்தைப் பத்தி யாரும் கேட்கல தம்பி. ஆனா ஒரு துப்பாக்கி போதும்னு சொன்னது சரி. ஒத்துக்கறேன்.

நெல்லுக்கூடு:

எனக்கு மறக்க முடியாதது ஒரு விலா எலும்பு. ஹெரெஃபோர்ட்ஷயர் ஆப்பிள் தோட்டம், பெட்டை ஃபெசன்ட், சுத்தமாகச் சுட்டது, விழும்போதே உயிர் இல்லை. இளம் நாய் கொண்டுவந்தது. இறகு ஒன்றுகூடக் கலையவில்லை. விரலை வைத்தால் உள்ளே அப்பளம் நொறுங்கிய மாதிரி இருந்தது.

பரிசோதிக்கும் முறை இது. பறவையை மார்பு மேலே இருக்க உள்ளங்கையில் கிடத்துங்கள். இறக்கைக்குக் கீழே ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆள்காட்டி விரல். இறகை ஊதி விலக்கி மெதுவாக அழுத்துங்கள். நல்ல விலாக்கூடு வில் மாதிரி எதிர்த்துத் தள்ளும். இரண்டு பக்கமும் ஒன்றாக உள்வாங்கியிருந்தால் நொறுக்கியது நாயின் தாடை.

பறவையைக் கடித்து நொறுக்கும் இந்தப் பழக்கம் ஏன் வருகிறது? பெரும்பாலும் ஷூட்டிங்குக்கு முன்பே விதைத்தாயிற்று. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பல் விழுந்து முளைக்கும் காலத்தில் டம்மி கொடுத்திருப்பார்கள், ஈறு வலிக்க வலிக்கக் கடித்திருக்கும். அல்லது வாயில் இருப்பதைப் பிடுங்கியிருப்பார்கள்: பிடுங்கினால் இறுக்கும், அது நாயின் சுபாவம். கையைத் தாடைக்குக் கீழே நீட்டிக் காத்திருக்க வேண்டும், தலையைத் தடவ வேண்டும், அது தானாக விட வேண்டும். மூன்றாவது காரணம், அடிபட்டு ஓடும் சேவல் ஃபெசன்ட்டுக்கு முதல் வாரமே அனுப்புவது. கால்முள் முகத்தில் கீறினால் அடுத்த பறவையை நாய் முதலில் கொன்றுவிட்டுத்தான் தூக்கும்.

முதல் பறவை ஆறிப்போனதாக இருக்கட்டும். இறக்கை விரியாதபடி இரண்டு ரப்பர் பேண்ட். புறாவில் தொடங்குகிறவர்கள் உண்டு. புறா இறகு நாக்கில் ஒட்டிக்கொண்டு வரும், நாய் துப்பிவிட்டுத் திரும்பிவிடும். புறாதான் கிடைத்தது என்றால் பழைய நைலான் காலுறைக்குள் நுழைத்துக் கொடுங்கள்.

பனங்கூடல்:

நெல்லுக்கூடு, உந்த ஒரு பறவையை வைச்சு நாய்க்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. 15 கெஜத்தில 30 கிராம் 6ஆம் நம்பர் சன்னம் வாங்கின பறவையின்ர கூடும் அப்பிடித்தான் இருக்கும். உறைஞ்ச நிலத்தில முப்பது கெஜ உயரத்தில இருந்து விழுந்தாலும் ஒரு பக்கம் உடையும். நல்ல தூரத்தில விழுந்த மூண்டு பறவையாவது பாக்கவேணும். மூண்டும் இரண்டு பக்கமும் எண்டால் மட்டும் கதைக்கலாம்.

நெல்லுக்கூடு:

மூன்றும் பார்த்தாயிற்று. மூன்றும் இரண்டு பக்கமும்தான்.

குளத்தங்கரை:

புதுசா வர்றவங்க ஊர் நாய் பழக்கத்தை இங்க கொண்டுவந்து குழப்பிக்கிறாங்க. சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் கண்ணால பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய். ஓட்டம்தான் அதோட வேலை. ஸ்பேனியல் மூக்கால தேடி, கிளப்பி, அந்த இடத்துலயே நிக்கணும். ஓடினா வேலை கெட்டுது. லண்டன் ஓரத்துல ஒருத்தர் அஞ்சு மாச ஸ்பிரிங்கரை டென்னிஸ் பந்து துப்பாக்கியால தினமும் நூறு தடவை ஓடவிட்டுக்கிட்டிருந்தார், "ஸ்டாமினா வரட்டும்"னு. பந்து துப்பாக்கியை விட்டுக் கிளம்பும் முன்னாடியே நாய் நாப்பது கெஜம் போயிருந்துச்சு, திரும்பி அவர் முகத்தைக்கூடப் பார்க்கல. அதை எப்படி உட்கார வைப்பீங்க? பந்தை உள்ள வெச்சுப் பூட்டுங்க. ரெண்டு மாசம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி கை தூக்கி, ஒரே ஒரு நீள ஊதல், உட்காரு. தட்டு கீழ வர்றதே உட்கார்ந்தாத்தான்.

ஓடைமேடு:

என்னுது ஜூலை மாசக் கதை, ஷூட்டிங்கே இல்ல. லிங்கன்ஷயர், வயல் ஓரப் பாதை, விசில் பயிற்சி. கொக்கர் திடீர்னு தும்ம ஆரம்பிச்சுது. சாதாரணத் தும்மல் இல்ல, மூக்கு தரையில இடிக்கிற அளவுக்கு. பிறகு ஒரு மூக்குத் துவாரத்துல மட்டும் ரத்தம். காட்டு வாற்கோதுமைக் கதிரோட முள். ஒரே திசையில செதில் இருக்கும், உள்ள போகும், வெளிய வராது. இழுக்கப் பார்த்து நேரம் கடத்தாம அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடணும், மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பாங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் விரல் இடுக்கு முடியையும் காதுமடல் உள்பக்க முடியையும் ஒட்ட வெட்டிடுங்க. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு விரல் இடுக்கையும் பிரிச்சுப் பாருங்க. இடுக்குல கொப்புளம் மாதிரி வீங்கினா அது பெரும்பாலும் முள்தான்.

மேய்ச்சல்நிலம்:

முள்ளுன்னதும் வால் ஞாபகம் வருது. வெட்டாத வாலோட பிளாக்பெர்ரி புதர்ல இறங்கின ஸ்பிரிங்கர், வெளிய வர்றப்ப விலா ரெண்டு பக்கமும் சிவப்புக் கோடு கோடா, வால் நுனி அடிச்ச ரத்தம். ஸ்காட்லாந்துல 2017க்குப் பிறகு வேலைக்குப் போற ஸ்பேனியலுக்குக் கடைசி மூணுல ஒரு பங்கு வரைக்கும் குட்டியிலேயே வெட்ட அனுமதி இருக்கு. இங்கிலாந்துலயும் வேலை நாய்க்கு உண்டு. ரெண்டு இடத்துலயும் கால்நடை டாக்டர்தான் செய்யணும், பிறந்து அஞ்சு நாள் முடியறதுக்குள்ள. வாங்குறப்பவே அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்குங்க.

குளத்தங்கரை:

அது இருக்கட்டும். வரப்போரம் அண்ணே, அந்தப் பெட்டை இப்ப எப்படி?

வரப்போரம்:

முயல் வயலுக்கே கூட்டிட்டுப் போறதில்ல. டிசம்பர் முழுக்க பத்து மீட்டர் கயிறு, ரப்பர் கயிறு டம்மி, துப்பாக்கி கிடையாது. இப்ப பத்துல எட்டுக்கு உட்காருது. மீதி ரெண்டு, டம்மி மூக்குக்கு ரொம்பக் கிட்ட கிளம்புறப்ப. வால் படபடன்னு வேகமாகுற நொடியிலேயே விசிலை வாயில வெச்சிருந்தா அதுலயும் ஒண்ணு குறையுது. ஃபெசன்ட் சீசன் பிப்ரவரி 1ஓட முடியுது, அதுக்குள்ள அவசரம் இல்ல. நிஜ முயலை இன்னும் காட்டல.