ஒரே கடைக்கும் ‘பிரெமிசஸ்’ என்று பன்மையில் எழுதுவது ஏன்?

கேள்வி: உவர்மலை வாசகர்
வணக்கம். திருகோணமலை மத்திய வீதியிலுள்ள எமது கடையை வாடகைக்குக் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் தயாரிக்கப்பட்ட ஒப்பந்தத்தில், கடை ஒன்றே ஆயினும் ‘பிரெமிசஸ்’ என்ற பன்மைச் சொல்லே எங்கும் வருகிறது. பின்புறத்தில் கிணறும் தகரக் கொட்டிலும் உள்ளன. பன்மை என்பதால் அவையும் தமக்குரியவை என்கிறார் வாடகைக்கு எடுப்பவர். அது சரியா?

மறுமொழி 1: ஆங்கில ஆசிரியர்
கட்டிடத்தையும் அதனோடு சேர்ந்த நிலத்தையும் குறிக்கும்போது இச்சொல் எப்போதும் பன்மையிலேயே வரும். வினையும் பன்மையாக, ‘பிரெமிசஸ் ஆர்’ என்றே அமைய வேண்டும். ஒருமையான ‘பிரெமிஸ்’ என்பது தருக்கத்தில் ஒரு முடிவுக்கு ஆதாரமாக வைக்கப்படும் கூற்று. கடை வாசலில் அதை எழுதி வைப்பது பிழை. ‘ஆன் த பிரெமிசஸ்’ என்றால் அந்த இடத்துக்குள்ளேயே என்று பொருள். புகைபிடித்தலைத் தடுக்கும் அறிவித்தல்களில் இத்தொடரை நாம் நாளும் காண்கிறோம்.

மறுமொழி 2: நொத்தாரிசு அலுவலக எழுதுநர்
இப்பன்மை உறுதி, அதாவது சொத்து ஆவணம், எழுதும் முறையிலிருந்து வந்தது. பழைய ஆங்கில உறுதிகளில் வீடு, காணி, தோட்டம் யாவற்றையும் தொடக்கத்தில் ஒருமுறை விரிவாக எழுதிவிட்டு, பின்னர் வரும் இடங்களில் ‘முன்னர் கூறப்பட்டவை’ என்ற பொருளில் இச்சொல்லை இட்டார்கள். காலப்போக்கில் அதுவே சொத்தின் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே கட்டிடங்களின் எண்ணிக்கைக்கும் இப்பன்மைக்கும் தொடர்பில்லை.

எனினும், வாடகைக்கு எடுப்பவரின் கோரிக்கையை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் கட்டிடத்தையோ அதன் ஒரு பகுதியையோ, அதற்கு உரித்தான நிலத்துடன் சேர்த்தே இச்சொல்லால் குறிக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகளும் பின்வேலிவரை சென்று, கிணற்றைப் பற்றி எதுவும் சொல்லப்படாதிருந்தால், அவர் பக்கமே நியாயம் பலமாக இருக்கும். ‘பின்புறக் கிணறும் கொட்டிலும் நீங்கலாக’ என்றோ, ‘கிணற்றில் நீர் அள்ளும் உரிமை மட்டும் உடையதாக’ என்றோ அட்டவணையிலேயே தெளிவாக எழுதுவித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

உவர்மலை வாசகர்
மிக்க நன்றி. எல்லைகள் பின்வேலிவரைதான் செல்கின்றன, திருத்தச் சொல்கிறேன். தமிழ்ப் பிரதியில் எச்சொல்லை இடலாம்?

மறுமொழி 3: ஆங்கில ஆசிரியர்
வீடாயின் ‘வளவு’ என்பதே நம்மவர் நாவில் உள்ள சொல். ‘வளாகம்’ என்றால் இங்கு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமே முதலில் நினைவுக்கு வரும். கடைக்கு ‘கட்டிடமும் அதனைச் சேர்ந்த காணியும்’ என்று விரித்தெழுதுவதையே நான் விரும்புவேன்.