அவசரம்: டிஎன்ஏ அறிக்கையில் "விலக்க முடியாது" என்றால் என்ன அர்த்தம்?

பனிக்காடு | திங்கள், இரவு 9.40
வணக்கம். தம்பி ஐந்து மாதமாக விளக்கமறியலில் இருக்கிறான். இன்றுதான் டிஎன்ஏ அறிக்கை வந்தது. கத்தியில் கலப்பு மரபணு இருந்ததாம், அதில் தம்பியை "விலக்க முடியாது" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் அவன்தான் செய்தான் என்று முடிவாகிவிட்டதா? அம்மா சாப்பிடவில்லை. வியாழன் வழக்குத் தவணை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஊவாக்காரன் | 9.52
என்ன கத்தி? அலகில் எடுத்ததா, பிடியில் எடுத்ததா? எத்தனை பேருடைய கலப்பு? அடிதடியா, கொலையா? இது எதுவும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது தம்பி.

கொழுந்துக்கூடை | 10.05
எனக்கு ஒரே சந்தேகம்தான். லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், மாமன் மகள், அத்தை மகன் என்றுதான் கல்யாணம் முடிக்கிறோம். எல்லாரும் ஒரே ரத்தம். யாருடைய டிஎன்ஏவை எடுத்தாலும் தம்பியுடையது மாதிரித்தான் வரும். சட்டத்தரணியிடம் இதைச் சொல்லுங்கள்.

அளவுகோல் | 10.31
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். டிஎன்ஏ ஆள் பார்த்துப் பேசாது. 2015இல் கொட்டதெனியாவ சிறுமி கொலையில் முதலில் பிடிபட்ட மாணவனைக் காப்பாற்றியதே டிஎன்ஏதான். உங்கள் தம்பி கத்தியைத் தொடவில்லை என்றால் "விலக்கப்பட்டார்" என்று வந்திருக்கும். பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு அறிக்கையைப் படியுங்கள்.

பதுளை வாசகி | 11.15
அளவுகோல் ஐயா, ஒரு ஆளின் மரபணு மட்டும் தெளிவாகக் கிடைத்தால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. கலப்பு வேறு விஷயம். நான் ஆய்வகத்தில் வேலை செய்தவள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மரபணுவில் சில குறிப்பிட்ட இடங்களை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு அம்மா வழியில் ஓர் எண், அப்பா வழியில் ஓர் எண். அதிகம் போனால் இரண்டுதான். வரைபடத்தில் ஒவ்வோர் எண்ணும் ஒரு முகடாகத் தெரியும். கத்தியில் ஓர் இடத்தில் 10, 12, 13, 14, 16 என்று ஐந்து முகடுகள் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து என்றால் குறைந்தது மூன்று பேர். தம்பிக்கு அந்த இடத்தில் 12, 14. இரண்டுமே இருக்கின்றன, ஆகவே "விலக்க முடியாது". ஆனால் கத்தியைத் தொட்ட மூன்று பேர் 10, 12 உள்ள ஒருவர், 13, 14 உள்ள ஒருவர், 16 மட்டும் உள்ள ஒருவர் என்றும் இருக்கலாம். தம்பி கத்தியைப் பார்த்தே இருக்க வேண்டியதில்லை. இப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது பிடி இறுகும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு இறுகியது என்பதைக் கணக்குப் போட்டு எண்ணாகச் சொல்ல வேண்டும். எண் இல்லாத "விலக்க முடியாது" பாதி வாக்கியம்.

அதோடு மாதிரி மிகக் குறைவாக இருந்தால் உண்மையான முகடு வராமலே போகும். பெரிய முகட்டுக்குப் பக்கத்தில், ஓர் எண் குறைவாக, ஒரு பொய் முகடு எழும். அது எந்திரத்தின் நிழலா இன்னோர் ஆளா என்று தீர்மானிப்பது மனிதர்தான். அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கின் கலப்பை, வழக்கு விவரம் எதுவும் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு அது. 12 பேர் சந்தேக நபரை விலக்கினார்கள், 4 பேர் முடிவு சொல்ல முடியாது என்றார்கள், ஒரே ஒருவர் மட்டும் "விலக்க முடியாது" என்றார். அந்த மனிதர் அதற்குள் பல வருடம் சிறையில் இருந்துவிட்டார். 2013இல் 108 ஆய்வகங்களுக்கு வைத்த பயிற்சியில், கலவையில் இல்லாத ஓர் ஆளை இருப்பதாக 74 ஆய்வகங்கள் சொல்லின. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

அளவுகோல் | 11.40
அதெல்லாம் பழைய முறை. இப்போது கணினி மென்பொருள் கணக்குப் போடுகிறது.

பதுளை வாசகி | 11.48
போடுகிறது, நல்லதுதான். ஆனால் எத்தனை பேருடைய கலப்பு என்பதைப் பொதுவாக ஆள்தான் முதலில் உள்ளே கொடுக்க வேண்டும். அது தப்பினால் மற்றதும் தப்பும். இந்த அறிக்கை எந்த முறையில் வந்தது என்றே நமக்குத் தெரியாதே.

மலைமுகடு | செவ்வாய், காலை 6.20
லயத்து ஆட்கள் எல்லாம் ஒரே ரத்தம் என்று எழுதாதீர்கள் கொழுந்துக்கூடை. என் தாத்தா திருச்சிப் பக்கம், பாட்டி சேலத்துப் பக்கம். கோப்பிக் காலத்தில் வந்தவர்களும் உண்டு, தேயிலைக் காலத்தில் வந்தவர்களும் உண்டு. நம்மைக் கூட்டமாகவே பார்க்கும் பழக்கத்துக்கு நாமே வாய் கொடுக்கக் கூடாது.

கொழுந்துக்கூடை | 6.45
நான் கேவலமாகச் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் இருபது வீடு, பதினாறு வீடு சொந்தம். உள்ளதைத்தானே சொன்னேன்?

மலைமுகடு | 6.58
உங்கள் லயம் என்று எழுதுங்கள். மலையகம் முழுவதையும் இழுக்காதீர்கள்.

பனிக்காடு | பகல் 12.10
மலையில் சிக்னல் இல்லை, மன்னியுங்கள். நான் அக்கா, தம்பி இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி. எங்கள் வீட்டுக் கத்திதான், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். பிடியில் அப்பா சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருப்பார். கவ்வாத்து நேரத்தில் தம்பி, சித்தப்பா, பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அண்ணன், எல்லாரும் மாறி மாறிப் பிடிப்பார்கள். வெட்டுப்பட்டவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அறிக்கையில் "பொருள் 3, கத்தி" என்று மட்டும்தான் இருக்கிறது. அலகா பிடியா என்று இல்லை. எண்ணும் இல்லை.

ஊவாக்காரன் | 12.18
அக்கா, இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! தினமும் பிடித்த கத்தியில் அவன் மரபணு இல்லாவிட்டால்தான் அதிசயம். டியூப் ரப்பரின் மடிப்புக்குள் எத்தனை நாள் வியர்வை இருக்கும்! யார் தொட்டார்கள் என்றுதான் அது சொல்லும். யார் வெட்டினார்கள் என்று சொல்லாது. 2012இல் கலிபோர்னியாவில், ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவரின் டிஎன்ஏ, கொலையானவரின் நகத்தில் கிடைத்தது. இருவரையும் கவனித்தது ஒரே அம்புலன்ஸ் குழு. எனக்கு இதுவும் அப்படித்தான் தெரிகிறது.

பதுளை வாசகி | 12.40
அவசரப்பட்டு அதையும் முடிவாக எடுக்க வேண்டாம். ஆனால் கொழுந்துக்கூடை சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது: சித்தப்பா. அப்பாவின் உடன்பிறந்தவர் என்றால் தம்பிக்கும் அவருக்கும் பொதுவான எண்கள் நிறைய இருக்கும். கலப்பில் இருப்பவர் சித்தப்பாவாக இருந்தாலும் தம்பியை விலக்குவது கஷ்டமாகிவிடும். சித்தப்பாவின் மாதிரியை எடுத்தார்களா?

அக்கா, சட்டத்தரணியிடம் இப்படிச் சொல்லுங்கள். அலகையும் பிடியையும் தனித்தனியாகத் துடைத்தார்களா, எத்தனை பேர் கலப்பு, தம்பியோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற கணக்கு எண் என்ன, முகடுகளின் வரைபடம் வேண்டும். தம்பியின் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே கலப்பைப் பிரித்தார்களா, பார்த்த பிறகா என்பது முக்கியம். சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் நிபுணர் சொல்வது அபிப்பிராயம்தான், அவரைக் கூண்டுக்கு அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். சட்டத்தரணிக்குக் காசு கட்டுப்படாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அளவுகோல் | 1.05
கத்தி வீட்டுக் கத்தி என்று தெரிந்திருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். வரைபடத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் நாள் போகும்.

பனிக்காடு | வியாழன், மாலை 5.30
சட்டத்தரணி ஐயா நீதவானிடம் கேட்டார். கத்தி முழுவதையும் ஒரே பஞ்சால் துடைத்திருக்கிறார்களாம். வரைபடம் தரச் சொல்லியிருக்கிறார்கள். தவணை இரண்டு வாரம் தள்ளிப் போய்விட்டது. அம்மா கஞ்சி குடித்தார். எல்லோருக்கும் நன்றி, பஸ் வந்துவிட்டது.

பதுளை வாசகி | வியாழன், மாலை 5.44
வரைபடம் கிடைத்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள் அக்கா. நான் பார்க்கிறேன்.

ஊவாக்காரன் | மூன்று வாரம் கழித்து
அக்கா, சித்தப்பாவின் மாதிரி எடுத்தார்களா?