பொருள்: கிரேன் பட்டியலில் வரும் 'ரேடியஸ்' – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கூரைக்குச் சாமான் ஏற்றக் கிரேன் வாடகைக்கு எடுப்பவர்களுக்கான கையேடு தமிழில் தயாராகிறது. கிரேன், பூம் (தூக்கும் நீண்ட கை), ஜாக்கி (வண்டி சாயாமல் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்), பெல்ட், ஷாக்கிள் (பெல்ட்டை மாட்டும் வளையம்) எல்லாம் புழக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்று விட்டாயிற்று. இடிப்பது ஒரே சொல்: ரேடியஸ். எந்த ரேடியஸில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று கிரேனோடு வரும் பட்டியலில் இருப்பது.

கிரேன்காரர் கேட்கும் முதல் கேள்வியே "வெயிட் எவ்வளவு, ரேடியஸ் எவ்வளவு?" என்பதுதான். பதில் சொல்பவர் கட்டடத்தின் உயரத்தைச் சொல்லிவிடுகிறார், இல்லையென்றால் வண்டிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை. இரண்டும் அது இல்லை. கிரேனின் மேல்பகுதி எந்த அச்சில் சுழல்கிறதோ அந்த அச்சிலிருந்து, கொக்கி தொங்கும் நேர்கோடு வரை உள்ள கிடைமட்டத் தூரமே ரேடியஸ்.

'எட்டம்' என்று வைக்கலாமா? எட்டுவது, எட்டத்தில் இருப்பது, இரண்டு பொருளும் அதில் உண்டு.

———

> 'எட்டம்' என்று வைக்கலாமா?

சொல் அழகுதான், இந்த இடத்துக்கு ஆகாது. "கை எட்டவில்லை" என்றால் யாரும் பரணைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நாம் ஒழிக்க நினைக்கும் உயரக் குழப்பம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பூமின் நீளத்தோடும் கலந்துவிடும். 20 மீட்டர் நீட்டிய பூம் 60 டிகிரியில் நின்றால் ரேடியஸ் ஏறத்தாழ 10 மீட்டர். அதே பூமை 45 டிகிரிக்கு இறக்கினால் 14 மீட்டர். நீளம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. தூக்கக்கூடிய எடையோ மளமளவென்று இறங்கிவிடும்.

'ஆரம்' போதும். பள்ளியில் எல்லாரும் படித்த சொல். ஆரம் என்றதும் "மையம் எது?" என்ற கேள்வி தானாக வரும், அந்தக் கேள்விதான் வர வேண்டும். கையேட்டுக்கு ஓர் உதாரணம்: சுழல் மையத்திலிருந்து ஜாக்கித் தட்டின் வெளி ஓரம் வரை 3 மீட்டர், அங்கிருந்து சுவர் வரை 1.5, சுவரிலிருந்து சாமான் இறங்கும் இடத்தின் நடுவு வரை 6. மொத்தம் 10.5 மீட்டர். நம் ஆட்கள் சொல்வது 1.5 அல்லது 6!

———

ஆரம் என்று தனியாக விட்டால் வேறொரு சிக்கல் உண்டு. அதே கிரேனுக்கு இன்னொரு ஆரமும் இருக்கிறது. மேல்பகுதி திரும்பும்போது பின்னால் உள்ள எதிரெடை ஒரு வட்டம் போடுகிறதே, அந்த வட்டத்தின் ஆரம். சுவரோரமாக வண்டியை நிறுத்தும்போது இதைப் பார்க்காவிட்டால், எதிரெடைக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நசுங்குவான். 'ஆரம் பார்த்து நிறுத்தவும்' என்று கையேட்டில் எழுதினால் எந்த ஆரம்? பின்னதற்கு 'வால்வீச்சு ஆரம்' எனலாம். முன்னதற்கு 'தூக்காரம்'?

இன்னொன்று, சொல்லோடு இந்த எச்சரிக்கையும் போக வேண்டும். '25 டன் கிரேன்' என்பது பெரும்பாலும் 3 மீட்டர் போன்ற மிகக் கிட்டிய ஆரத்துக்கான எண். 25-ஐ 3-ஆல் பெருக்கி, 75-ஐ 10.5-ஆல் வகுத்து, "7 டன் தூக்கும்" என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த எண்தான் இருக்கும். பூம் வெளியே போகப் போக அதன் சொந்த எடையும் சேர்ந்து வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கிறது, அந்தக் கணக்கில் அது வரவில்லை. ஜாக்கியை முழுக்க நீட்ட இடமில்லாமல் பாதி நீட்டினால் பட்டியலே வேறு.

———

> 'தூக்காரம்'?

ஐயா, தூக்கு என்றால் எனக்குத் தூக்குமேடைதான் நினைவுக்கு வருகிறது. பாதுகாப்புக் கையேட்டில் வேண்டாமே.

'கொக்கியாரம்' என்று பாருங்கள். ஆரம் என்பதால் ஒரு முனை மையத்தில், கொக்கி என்பதால் மறுமுனை கொக்கியில். அளக்க வேண்டிய இரண்டு புள்ளிகளும் பெயருக்குள்ளேயே கிடைக்கின்றன.

பூம் நுனி என்று சொல்லாமல் கொக்கி என்பதற்கும் காரணம் உண்டு. பளு ஏறியதும் பூம் வளையும், கொக்கி வெளியே நகரும். வெறுங்கொக்கியோடு 10.5 காட்டியது, சாமான் தரையை விட்டதும் கூடிவிடும். பட்டியலில் உள்ள எண்ணோ பளு தொங்கும் நிலைக்கானது. அதனால்தான் ஒரு சாண் உயர்த்தி, நிறுத்தி, ஆரத்தை மறுபடி பார்த்து, ஜாக்கி அடியில் மண் இறங்குகிறதா என்றும் பார்த்துவிட்டு மேலே போவது.

———

கொக்கியாரம் எனக்கு உடன்பாடு. கொக்கி வைத்த ஆரம் என்றால் கழுத்து நகை நினைவுக்கு வருமே என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வரட்டும், மறக்காது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "30 மூட்டை சிமென்ட், 1,500 கிலோ. கொக்கிக் கட்டை (கொக்கியும் அதைத் தாங்கும் கப்பிகளும்) 250, மூட்டை அடுக்கிய தட்டைத் தூக்கும் ஃபோர்க்கும் பெல்ட்டும் 200. ஆக 1,950 கிலோ, 10.5 மீட்டர் கொக்கியாரத்தில்." தடுக்கவில்லை. கொக்கிக் கட்டையின் எடையைச் சேர்க்க மறப்பதுதான் வழக்கமான பிழை, அதனால் உதாரணத்தில் அது இருக்கட்டும்.

ஒரே ஒரு திருத்தம். "ஆரம் குறைய வேண்டுமென்றால் கூரை விளிம்பிலேயே இறக்கிவிடலாமே" என்று ஒருவர் கேட்பார், நிச்சயம் கேட்பார். 1,500 கிலோவை 1.2-க்கு 1 மீட்டர் தட்டோடு இறக்கினால் சதுர மீட்டருக்கு 1,250 கிலோ. 150 கிலோவுக்கு வடிவமைத்த தளத்தில் அதை எங்கே வைத்தாலும் வம்பு, சுவருக்கு வெளியே நீட்டிய விளிம்பில் வைப்பது அதைவிட மோசம். தட்டைப் பிரித்து, எட்டு பத்து மூட்டையாக, உத்தரத்துக்கும் சுவருக்கும் நேர் மேலே பரப்பி இறக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது இறக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கியாரம் வரும். கிரேன்காரரிடம் சொல்ல வேண்டியது அவற்றில் பெரியதை.

———

எல்லாருக்கும் நன்றி. எட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். பதிவு இப்படிப் போகிறது:

கொக்கியாரம் – கிரேனின் சுழல் மையத்திலிருந்து, பளு தொங்கும் நிலையில் கொக்கியின் நேர்கோடு வரையான கிடைமட்டத் தூரம். பேச்சில்: ரேடியஸ். உயரத்தையோ பூம் நீளத்தையோ குறிக்காது. அளந்த எண் பட்டியலில் இல்லாவிட்டால் அடுத்த பெரிய எண்ணின் வரியைப் படிக்க வேண்டும்: 10.5 வந்து, பட்டியலில் 10-ம் 12-ம் மட்டும் இருந்தால் 12. நடுவில் ஊகித்து ஓர் எடையைச் சொல்லக் கூடாது.

அடுத்தது, தகடு ஏற்றும்போது காற்றில் சுழலாமல் இருக்கக் கீழே நிற்பவர் பிடிக்கும் கயிறு. 6 சதுர மீட்டர் தகட்டில் நொடிக்கு 10 மீட்டர் காற்று நேராக மோதினால் 35 கிலோவுக்கு மேல் தள்ளும், ஆகவே கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்கச் சொல்லும் பெயராக இருந்தால் நல்லது. 'பிடிகயிறு' என்கிறார் ஒருவர், 'வால்கயிறு' என்கிறார் இன்னொருவர். தனி இழையில் பேசலாம்.